கும்பிடு கேட்கும் கம்ப்யூட்டர்

அமெரிக்காவில் படிக்கிற நம் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான். அவன் அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். குடும்பத்தில் முதல் பட்டம் இவனுடையது. அவன் படிக்கும் பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு 'சேவைப் பயணம்' ஏற்பாடு ஆகியிருக்கிறதாம். மாணவர்கள் பன்னிரண்டு பேர் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்து, இரண்டு வாரம் சொல்லியும் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பேர் கொடுக்கச் சொல்கிறார்கள். "போகலாமாண்ணே? நல்ல காரியந்தானே? நானே ஓசியில வந்த லேப்டாப்புலதான படிச்சேன்?" என்று கேட்கிறான்.

இதை அவனுக்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிட முடியாது. இன்று நம் பிள்ளைகள் இங்கும் வெளிநாட்டிலும் பெரிய கல்லூரிகளுக்குள் நுழைகிறார்கள். 'சேவை' என்ற சொல் ஒவ்வொரு வாசலிலும் அவர்களைக் கூப்பிடுகிறது. நேற்றுவரை வாங்குகிற வரிசையில் நின்றவனை இன்று கொடுக்கிற வரிசைக்கு வா என்கிறார்கள். போகலாமா கூடாதா என்பது நம் எல்லோருக்குமான கேள்வி. அதனால் இங்கே பேசுகிறேன்.

அவன் அனுப்பிய அறிவிப்பில் ஒரு படம். கறுப்புக் குழந்தைகள் இருபது பேர், நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்கார மாணவி, முன்னால் ஒரு கம்ப்யூட்டர். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த மாணவியின் பேர் கீழே இருக்கிறது. குழந்தைகளின் பேர் இல்லை. பள்ளிக்கூடத்தின் பேரும் இல்லை. நாட்டின் பேராவது இருக்கிறதா என்று தேடினால் 'ஆப்பிரிக்கா' என்று போட்டிருக்கிறது. ஐம்பத்து நாலு நாடுகள் இருக்கிற ஒரு கண்டம் இவர்கள் கண்ணுக்கு ஒரே சேரியாகத் தெரிகிறது.

இந்தப் படம் எனக்குப் புதுசு இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் காலனிக்கு ஒரு கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட முகாம் வந்தது. பத்து நாள். எங்கள் தெருவைக் கூட்டினார்கள். எங்கம்மா தினமும் கூட்டுகிற தெருதான் அது. எங்களை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு ரெண்டு நோட்டும் ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். எங்கம்மா சொம்பில் தண்ணி மொண்டு வந்து நீட்டியபோது "இப்பத்தாம்மா குடிச்சோம்" என்றார்கள். பத்து நாளும் இப்பத்தான் குடித்திருந்தார்கள். சாப்பாடும் படுக்கையும் ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். அந்த நோட்டு ஒரு மாசத்தில் தீர்ந்தது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற வழக்கம் தீரவில்லை. அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் முகாமுக்கு வந்துபோனார்கள். அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஊர்த்தெருவில் சோறு கிடைத்திருக்காது.

'பழைய வன்மத்தை வச்சுக்கிட்டுப் பேசறான்' என்பார்கள். சரி, வன்மத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம். ஏனோதானோவென்று நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அடிப்பது சுலபம். அப்படிச் செய்ய வேண்டாம். இந்த வகையில் மிகப் பெரியதையும், மிக நல்ல எண்ணத்தோடு தொடங்கப்பட்டதையும் எடுத்துக்கொள்வோம்.

2005 ஜனவரியில் டாவோஸ் நகரத்தில், உலகத்துப் பணக்காரர்கள் கூடுகிற மாநாட்டில், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஒரு திட்டத்தை அறிவித்தார். பேர் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்'. விலை 100 டாலர்தான். ஏழை நாட்டுக் குழந்தைகள் எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்துவிட்டால் போதும், அவர்களே கற்றுக்கொள்வார்கள் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் துனிஸ் நகரத்தில், ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானை வைத்து அதன் மாதிரியைக் காட்டினார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் கையால் சுற்றி ஓட்டுவதற்கு அதில் ஒரு கைப்பிடி இருந்தது. அன்னான் சுற்றினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பின்னால் தயாரித்து விற்ற மெஷினில் அந்தக் கைப்பிடியே இல்லை. 2007-ல் தயாரிப்பு தொடங்கியபோது விலையும் 180 டாலருக்கு மேல் போய்விட்டது.

கைப்பிடி உடைந்ததை வைத்துச் சிரிக்க நான் இதைச் சொல்லவில்லை. யாருக்கும் ஒரு சாமான் உடையலாம். என் கேள்வி அந்த நம்பிக்கையைப் பற்றியது. வாத்தியார் இல்லாமல், பள்ளிக்கூடம் இல்லாமல், மெஷினை மட்டும் வைத்துக் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்கிறார்களே, அது எந்தக் குழந்தை? 2011-ல் நெக்ரோபான்டே இன்னும் ஒரு படி மேலே போனார். ஹெலிகாப்டரிலிருந்து கிராமத்தில் போட்டுவிட்டு ஒரு வருஷம் கழித்து வந்து பார்க்கலாம் என்றார். வெள்ளம் வந்த ஊருக்குச் சோத்துப் பொட்டலம் போடுகிற மாதிரி. இதை பாஸ்டன் நகரத்துப் பணக்காரத் தெருவில் செய்து காட்டலாமே? செய்ய மாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வாத்தியார் உண்டு, நூலகம் உண்டு, விளையாட்டு மைதானம் உண்டு, அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர். நமக்கு மட்டும் ஏகலைவன் பாடம். குரு உனக்குக் கிடையாது, மண் பொம்மையை வைத்துக்கொண்டு நீயே கற்றுக்கொள். கற்றுக்கொண்டால் அப்போது கட்டைவிரலைப் பற்றிப் பேசுவோம்.

இந்தத் திட்டம் இந்தியாவுக்கும் வந்தது. 2006-ல் தில்லியின் கல்வித்துறை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்த முறையில் பிள்ளைகள் கற்பார்கள் என்பதே சந்தேகம், இப்போதைக்கு அவசரத் தேவை வகுப்பறையும் வாத்தியாரும்தான் என்று காரணம் சொன்னார்கள். காரணம் சரிதான். அப்படிச் சொன்னவர்கள் அந்த வகுப்பறையையும் வாத்தியாரையும் சேரிப் பள்ளிகளுக்கு ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். அது தனிச் சண்டை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தில்லியால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. ஒரு கிராமத்துத் தலைமையாசிரியரால் முடியுமா? விமானம் ஏறி வந்து வாசலில் நிற்கிற மாணவர்களைப் பார்த்து, "தம்பிகளா, எங்களுக்கு இது வேண்டாம், கக்கூஸ் கட்டணும், அந்தக் காசைக் குடுங்க" என்று அவர் சொல்லிவிட முடியுமா? எது கொடுப்பது என்பது அவரைக் கேட்காமல் முடிவாகி, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அவருக்கு விட்டுவைத்திருக்கிற வேலை வரவேற்பதும் நன்றி சொல்வதும்தான்.

தம்பி போகப் போகிற மாதிரியான பயணமும் இதே திட்டத்தில் நடந்தது. 2009 கோடையில் பல்கலைக்கழக மாணவர்களை 30 குழுக்களாகச் சேர்த்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 100 லேப்டாப், செலவுக்கு 10,000 டாலர் வரை பணம். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் எல்லோருக்கும் சில நாள் பயிற்சி. அங்கிருந்து பிரிந்து பல நாடுகளுக்குப் போனார்கள். கூட்டிப் பார்த்தால் 3,000 லேப்டாப், 3 லட்சம் டாலர் வரை செலவுப் பணம். போன மாணவர்களில் மனசார உழைத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பணம் உள்ளூர் ஆசிரியர் கைக்கு ஏன் போகவில்லை? கிகாலி பயிற்சி ஆப்பிரிக்க ஆசிரியர்களுக்கு ஏன் நடக்கவில்லை? பக்கத்து ஊர் வாத்தியார் சொல்லிக் கொடுத்தால் ஆகாதா? கடல் தாண்டி வருகிற, அந்த ஊர்ப் பாஷை தெரியாத, கோடை முடிந்தால் கிளம்பிவிடுகிற பையன்தான் வேண்டுமா?

காரணம் எளிது. பயணத்தின் பயனாளி பயணம் போகிறவன். அவனுக்கு அனுபவம், விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி, வேலைக்கான நேர்காணலில் சொல்ல ஒரு கதை. அங்கே இருக்கிற குழந்தை அந்தக் கதையில் ஒரு பாத்திரம். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரத்தில், கோடைச் சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று இவான் இலிச் என்ற பாதிரியார் இதை முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் நல்லெண்ணத்தை வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விமானங்கள் நிற்கவில்லை.

"ஏதாவது பலன் இருந்திருக்குமில்ல?" பார்ப்போம். இந்த லேப்டாப்பை அதிகம் வாங்கிய நாடு தென் அமெரிக்காவின் பெரு. 2008-லிருந்து ஒன்பது லட்சம் அளவில் வாங்கினார்கள். அங்கே கிராமப்புறத்து 319 தொடக்கப் பள்ளிகளில் முறையாக ஆய்வு செய்து, 2012-ல் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி முடிவை வெளியிட்டது. லேப்டாப் வந்து பதினைந்து மாதம் ஆன பிறகும் கணக்குத் தேர்விலும் மொழித் தேர்விலும் முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை. பொது அறிவுத்திறனைச் சோதிக்கிற சில தேர்வுகளில் கொஞ்சம் கூடியிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் பள்ளிக்கு வருகிற நாட்கள் கூடவில்லை. வீட்டில் பாடம் படிக்கிற நேரமும் கூடவில்லை. ஒரு அரசாங்கமே முன்நின்று லட்சக்கணக்கில் கொடுத்ததற்கு இதுதான் பலன். இரண்டு வாரப் பயணத்துக்கு என்ன பலன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சரி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது எது? அதற்கும் கணக்கு இருக்கிறது. 1980-களில் கடனில் மாட்டிய ஆப்பிரிக்க நாடுகளிடம் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் 'கட்டமைப்புச் சீரமைப்பு' என்று ஒரு மருந்தைக் கொடுத்தன. அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டும், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற ஜனங்களே செலவில் பங்கு கட்ட வேண்டும் என்பது அந்த மருந்தின் ஒரு பாகம். கூலிக்காரன் பிள்ளை வீட்டில் நின்றது. பிறகு ஜனங்களின் நெருக்குதலிலும் தேர்தல் நெருக்கடியிலும் ஒவ்வொரு நாடாகக் கட்டணத்தை எடுத்தது. உகாண்டாவில் 1996-ல் சுமார் 31 லட்சம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். 1997-ல் கட்டணத்தை எடுத்ததும் சுமார் 53 லட்சம். கென்யாவில் 2003-ல் எடுத்தார்கள். 59 லட்சம் 72 லட்சம் ஆனது. வருஷம் ஒன்றுக்குள் இது நடந்தது. எந்தப் பெட்டியும் விமானத்தில் வரவில்லை. வாசலில் போட்டிருந்த கட்டையை எடுத்தார்கள், பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். வந்த கூட்டத்துக்கு வகுப்பறை போதவில்லை, வாத்தியார் போதவில்லை. அதுதான் இப்போதைய பிரச்சினை. சகாராவுக்குத் தெற்கே பாதிக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் மின்சாரமே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நம் தம்பி கம்ப்யூட்டரோடு போய் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர்கிறது? லேப்டாப், செல்போன் பேட்டரிகளில் சேர்கிற கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ மண்ணிலிருந்து தோண்டப்படுகிறது. அங்கே கையால் குழி தோண்டுகிறவர்களில் சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த மண்ணிலிருந்து போனது, பழசான பிறகு அதே கண்டத்துக்குத் 'தானமாக'த் திரும்பி வருகிறது. நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்தைப் பற்றி 2005-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாதத்துக்கு சுமார் 500 கன்டெய்னர் பழைய எலக்ட்ரானிக் சாமான் வந்து இறங்குவதாகவும், அதில் முக்கால்வாசி பழுது பார்க்கவே முடியாத குப்பை என்று உள்ளூர் வியாபாரிகளே சொல்வதாகவும் அது காட்டியது. 'மறுபயன்பாடு', 'ஏழை நாடுகளுக்கு உதவி' என்று எழுதி ஒட்டிவிட்டால் குப்பை சரக்காகிவிடுகிறது. ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு தள்ளுவதைக் கட்டுப்படுத்த 1989-ல் பாசல் ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கா அதில் கையெழுத்து போட்டதோடு சரி, இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. கானாவின் தலைநகர் அக்ராவில் அக்போக்புளோஷி என்ற இடத்தில் வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்துப் பிழைத்த இளைஞர்களை உலகம் முழுக்கப் படம் பிடித்தார்கள். 2021 ஜூலையில் அந்த இடத்தைப் புல்டோசர் வைத்து இடித்தார்கள். புகையைச் சுவாசித்தவனே குற்றவாளி ஆனான். அனுப்பியவன் பேர் எந்த எஃப்.ஐ.ஆரிலும் இல்லை.

எச்சில் இலையை எடுப்பவன் யார், மலக்குழியில் இறங்குபவன் யார் என்று தெரிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை. பழைய சோறு, பழைய துணி, தீபாவளி முடிந்த மறுநாள் பலகாரம், இவை எந்த வாசல் வழியாக எந்தத் தெருவுக்கு வந்தன என்பது நம் ஆயாக்களுக்குத் தெரியும். குடுத்தவன் வீட்டுத் திண்ணையில் நம்மால் உட்கார முடிந்ததா என்பதுதான் கேள்வியே தவிர, பலகாரம் ருசியா என்பது இல்லை.

இதே கேள்வியை அண்ணல் அம்பேத்கர் 1932-லேயே கேட்டுவிட்டார். பூனா ஒப்பந்தம் முடிந்த சூட்டோடு, காந்தியாரின் ஆசியோடு தீண்டாமை ஒழிப்புக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஹரிஜன சேவா சங்கம் ஆனது அதுதான். தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் தக்கர். வட்டமேசை மாநாட்டுக்குப் போகிற வழியில் கப்பலிலிருந்து அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தனி ஆட்களைப் பிடித்து ஒழுக்கம் சொல்லிக் கொடுப்பது, புத்தகம் கொடுப்பது, இதில் சங்கத்தின் சக்தியைச் செலவழிக்காதீர்கள். பொதுக் கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ப் பொதுவிடம், வண்டி வாகனம், இவற்றில் எம் மக்களின் உரிமையை நிலைநாட்டக் கிராமம் கிராமமாக இறங்குங்கள். அதில் மோதல் வரும், வரட்டும். வேலை செய்கிற ஆட்களையும் எங்களிலிருந்தே எடுங்கள். இதுதான் கடிதத்தின் சாரம். பதில் வரவில்லை. சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்கிற பிராயச்சித்தம், அவர்கள் பணம், அவர்களே நடத்துவார்கள் என்றார் காந்தியார். அதாவது பாவம் செய்தவன் புண்ணியமும் தேடிக்கொள்வான். அடிபட்டவன் அவன் புண்ணியத்துக்குப் பாத்திரமாக உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் ஏன் ஏழையானது என்று அதில் ஒரு வரி கிடையாது. கடனைப் பற்றிக் கிடையாது. யார் முடிவு செய்தது என்று கிடையாது. தனித்தனிக் குழந்தைக்கு ஒரு தனிச் சாமான். மோதல் இல்லாத சேவை. யாருடைய தூக்கமும் கெடாத சேவை.

இப்போது நம்மாட்களே கேட்கிற கேள்விகளுக்கு வருகிறேன்.

ஒன்று. "நமக்குப் பள்ளிக்கூடம் குடுத்ததே வெள்ளைக்காரன்தானய்யா. மிஷனரி இல்லைன்னா, ஆல்காட் இல்லைன்னா நம்ம தாத்தா கையெழுத்து போட்டிருப்பாரா?" உண்மை. இதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர் 1894-ல் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அது கோடை விடுமுறையில் வந்துபோன பயணம் இல்லை. வருஷக்கணக்காக நின்ற பள்ளிக்கூடம், நின்ற வாத்தியார்கள். அதோடு நம்மாட்கள் கை நீட்டி நிற்கவில்லை. 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் தானே ஆல்காட்டைத் தேடிப் போனார். நாங்கள் பூர்வ பௌத்தர்கள், எங்கள் மார்க்கத்துக்குத் திரும்ப வழி செய்யுங்கள் என்று தன் திட்டத்தைத் தானே வைத்தார். இலங்கைக்குப் போய் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சங்கம் கட்டினார். கேட்டவர் நாம். எதைக் கேட்பது என்று முடிவு செய்தவரும் நாம். உதவி செய்தவர் உதவியாளாக இருந்தார்.

இரண்டு. "பாபாசாகேபே பரோடா மன்னர் உதவித்தொகையிலதான அமெரிக்கா போனாரு?" ஆமாம், 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அப்படித்தான் போனார். அதற்குப் பின்னால் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், எம் மக்களின் படிப்புக்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்று மனுக் கொடுத்து வாதாடினார். 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. ஒரு மன்னரின் மனசில் இருந்த கருணையை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்கில் ஒரு தலைப்பாக மாற்றினார். தான் ஏறி வந்த ஏணியைப் பின்னால் வருகிறவனுக்கு உரிமையாக்கினார். தான் பெற்ற கருணையை இன்னொரு ஏழைக்குக் கருணையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி, நீ பின்பற்ற வேண்டியது இந்தப் பாதையை.

மூன்று. தம்பியின் சொந்தக் கேள்வி. "ஓசி லேப்டாப்புலதான படிச்சேன்?" இல்லை தம்பி, அது ஓசி இல்லை. 2011-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தத் திட்டம் உன் அப்பனும் என் அப்பனும் தீப்பெட்டி வாங்கும்போதுகூடக் கட்டிய வரிப்பணம். அதன் மேல் முதலமைச்சர் படத்தை ஒட்டி நம் காசை அவர்கள் தானமாக்கப் பார்த்தார்கள், அது வேறு. ஆனால் உன் வகுப்பில் ஊர்த்தெருப் பையனுக்கும் உனக்கும் ஒரே மெஷின் வந்தது. நீ யார் காலிலும் விழவில்லை. லேப்டாப் வரத் தாமதமானபோது பிள்ளைகள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? தானத்துக்கு எவனாவது ரோட்டை மறிப்பானா? வராவிட்டால் மறிக்க முடிகிறதென்றால் அது உரிமை. வராவிட்டால் பேசாமல் இருக்க வேண்டுமென்றால் அது பிச்சை. அந்த ஆப்பிரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அடுத்த வருஷம் நீங்கள் வராவிட்டால் யார் வீட்டு ரோட்டை மறிக்கும்? கெட்டுப்போன மெஷினுக்கு யாரைப் பிடித்துக் கேட்கும்?

ஆப்பிரிக்க மாணவர்களைக் கை நீட்டி நிற்கிற கூட்டமாக நமக்குக் காட்டுகிறார்களே, அவர்களின் உண்மையான சரித்திரம் என்ன? 1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தங்களை ஆண்ட வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் படிக்க மாட்டோம் என்றார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள், பிள்ளைகள் செத்தார்கள், போராட்டம் நாடு முழுக்கப் பரவியது. 2015-ல் கேப்டவுன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் செசில் ரோட்ஸின் சிலையை இறக்க வைத்தார்கள். ரோட்ஸ் யார்? அந்தப் பல்கலைக்கழகம் நிற்கிற நிலத்தையே தானமாக எழுதி வைத்தவர். உலகம் முழுக்க மாணவர்கள் போட்டி போடுகிற உதவித்தொகையும் அவர் பேரில்தான். அந்த நிலம் எப்படி உன் கைக்கு வந்தது, அதை முதலில் சொல் என்று மாணவர்கள் கேட்டார்கள். தானம் கொடுத்த கையைத் திருப்பிப் போட்டு ரத்தத்தைப் பார்த்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. 2016 ஜூனில் இந்தியக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு காந்தி சிலையைத் திறந்து வைத்தார். இந்திய அரசாங்கத்தின் பரிசு. சில மாதங்களில் அங்கத்து ஆசிரியர்கள் மனு எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கறுப்பின மக்களைப் பற்றி இவர் இழிவாக எழுதியிருக்கிறார், எங்கள் வளாகத்தில் இவர் சிலை எதற்கு என்றார்கள். மாணவர்கள் சேர்ந்தார்கள். 2018 டிசம்பரில் சிலை இறங்கியது. கொடுத்தவனைப் பார்த்து 'உன் பரிசு எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லிக் காரியத்தில் காட்டினார்கள். அந்தச் சிலையைப் பற்றி நமக்குச் சொல்ல எவ்வளவோ உண்டு. இத்தனை வருஷம் சொல்லியும் இங்கே நம்மால் முடியாததை அவர்கள் இரண்டரை வருஷத்தில் முடித்தார்கள். இவர்களுக்கா நாம் கற்றுக்கொடுக்கப் போகிறோம்? கற்றுக்கொள்ளப் போவதென்றால் முதல் ஆளாகப் பேர் கொடு.

தம்பி, போகாதே என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் ஏற்பாடு செய்கிறவர்களிடம் ஐந்து கேள்வி கேள். கம்ப்யூட்டர் வேண்டும் என்று அந்தப் பள்ளிக்கூடம் கேட்டதா, அல்லது இது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தீர்களா? உங்கள் பன்னிரண்டு பேர் விமான டிக்கெட் பணத்தை அந்தப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்து, என்ன செய்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்றால் ஒப்புக்கொள்வீர்களா? ரிப்பேர் யார் பொறுப்பு? உயிர் போன மெஷினைத் திரும்ப எடுத்துப் போவது யார் பொறுப்பு? அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொன்னால் பயணத்தை நிறுத்துவீர்களா?

ஐந்துக்கும் ஒழுங்கான பதில் வந்தால் போ. பெட்டி தூக்கு, வாத்தியார் சொன்ன வேலையைச் செய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து படி. யார் வீட்டிலாவது தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடி. பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுக்காதே. பதில் வராவிட்டால் அதே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உனக்கு வேலை இருக்கிறது. உங்கள் பழைய கம்ப்யூட்டர் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று கணக்குக் கேள். ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் தலித் மாணவர்களுக்கும் எத்தனை இடம், எத்தனை உதவித்தொகை என்று கேள். அங்கே படிக்கிற கானாக்காரர்களையும் கென்யாக்காரர்களையும் தேடிப் போய், இந்த அறிவிப்பைக் காட்டி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேள். இத்தனை நாளில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர்கள் சொல்வதை எழுதி அனுப்பு. அடுத்த இதழில் போடுவோம்.